செத்தவீட்டுக் காட்சியில் லைற்றை எங்கே வைப்பது?

என் முதல் குறும்படத்தின் செத்தவீட்டுக் காட்சியைக் கொழும்பு வெள்ளவத்தையில், கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையொன்றின் மூன்றாம் மாடி வீட்டில் எடுத்தோம். மாலை போட்ட படம், குத்துவிளக்கு, வெள்ளைச் சேலை, கண்ணில் கிளிசரின், அறை முழுக்க நீல வெளிச்சம். ஒன்றையும் விடவில்லை. போட்டுக் காட்டியபோது அம்மா சொன்னார்: “உது செத்தவீடு மாதிரி இல்லையே தம்பி. எங்கட வீட்டில அண்டைக்கு எல்லா லைற்றும் எரிஞ்சதெல்லோ.”

உண்மைதான். அப்பா போனபோது பெட்டி மலர்ச்சாலையில் இருந்தாலும் சனம் வீட்டுக்கும் வந்துகொண்டேயிருந்தது. சுவாமி அறை, குசினி, குளியலறை என்று விடியும்வரை ஒருவரும் ஒரு சுவிச்சையும் அணைக்கவில்லை. ஆகவே செத்தவீட்டை எடுப்பதென்றால் ரியூப்லைற் வெளிச்சத்திலேயே எடுங்கள். நிழல் அதிகம் விழாத அந்த வெள்ளை வெளிச்சத்தில் எல்லா முகமும் ஒன்றுபோலத் தெரியும். அழுகிறவரை அது தனியே பிரித்துக் காட்டாது. இருட்டு வருவது பிறகு. எட்டுச்செலவு முடிந்து, வாடகைக் கதிரைகளை லொறியில் ஏற்றி அனுப்பிவிட்டு, வீட்டார் மட்டும் மிஞ்சும் பின்னேரம் ஒன்று இருக்கிறது. முடிந்தால் உங்கள் காட்சியை அந்தப் பின்னேரத்துக்குத் தள்ளிவையுங்கள்.

பொருள்களில் ஒன்று போதும். 1955இல் வந்த சத்யஜித் ராயின் வங்காளப் படம் ‘பதேர் பாஞ்சாலி’யில், ஊர்விட்டுப் போயிருந்த தகப்பன் திரும்பி வந்து, வாங்கிவந்த சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறார். மகளுக்கென்று ஒரு சேலை. மகள் செத்தது அவருக்குத் தெரியாது. சேலை கைக்கு வந்ததும் தாய் உடைந்துபோகிறாள். அவள் அழுகுரலுக்குப் பதிலாகத் தார் ஷெனாய் என்ற, வில்லால் இழுத்து வாசிக்கும் நரம்பு வாத்தியம் ஒலிக்கிறது. அந்தக் காட்சியின் பாரம் முழுவதையும் ஒரு சேலை தாங்குகிறது.

என்னிடம் இருந்தது ஒரு எண்ணெய்க் கறை. அப்பா காலையில் தலைக்குத் தேங்காயெண்ணெய் வைத்துக்கொண்டு மரக் கதிரையில் சாய்ந்து பேப்பர் வாசிப்பார். தலை முட்டும் இடத்தில், சுவரில் உள்ளங்கையளவு கறை. அவர் இருந்த காலம் முழுக்க அம்மா அதற்காக அவரோடு சண்டை பிடித்தார். அந்தியேட்டி முடிந்து பெயின்ற் அடிக்க ஆள் வந்தபோது, அந்தச் சுவரை மட்டும் தொட விடவில்லை.

இரண்டாவது படத்துக்கு அந்தக் கறையைச் செய்தோம். வாடகை வீட்டுச் சுவரில் நேரே பூசவேண்டாம். எமல்ஷன் பூசிய சுவர் எண்ணெயை ஒழுங்காக இழுக்காது, வீட்டுக்காரருடனும் பிரச்சினை வரும். தடித்த காகிதத்தில் சுவரின் நிறத்துக்குத் தண்ணீராய்க் கரைத்த டிஸ்டெம்பர் அடித்து ஒட்டி, ஓரங்களை ஒரு பக்கம் கலண்டராலும் மறுபக்கம் அலுமாரியாலும் மறைத்தோம். முதலில் நடிகர் ஒருவரைக் கதிரையில் இருத்தி, தலை முட்டும் உயரத்தைப் பென்சிலால் குறியுங்கள். துணியில் எண்ணெய் தொட்டு ஒற்றி, ஒரு நாள் விட்டு, திரும்ப ஒற்றுங்கள். எங்களுக்கு மூன்று தரம் வேண்டியிருந்தது. விளிம்பு கரைந்தாற்போல இருக்கவேண்டும். சுத்த வட்டமாக வந்தால் பொய் தெரிந்துவிடும். படம் பிடிக்கச் சற்று முன்னர் கடைசியாக ஒரு ஒற்று. நேர்வெளிச்சத்தில் அது வெறும் அழுக்கு. யன்னல் வெளிச்சம் சுவரை உரசிக்கொண்டு பக்கவாட்டில் வந்து, கமரா அதற்கு எதிர்ப்பக்கம் நின்றால், எண்ணெயின் மினுக்கம் கமராவுக்குத் தெறிக்கும்.

கதிரையும் கறையும் ஃபிரேமின் நடுவில். அம்மாவாக நடிப்பவர் ஓரத்தில், குசினி வாசலில், நிலத்தில். கமராவும் அவருடைய கண் மட்டத்துக்கு இறங்கட்டும், இரண்டரை அடி போதும். கிட்டப் போகாதீர்கள். அவர் கைக்கு ஒரு வேலை கொடுங்கள்: முருங்கையிலை ஆயலாம். வெங்காயம் மட்டும் வேண்டாம், கண்ணீருக்கு வேறு காரணம் கிடைத்துவிடும். பக்கத்து வீட்டுக்காரர் தெரியாமல் அந்தக் கதிரையில் வந்து இருக்கிறார். யாரும் ஒன்றும் சொல்வதில்லை. ஆய்கிற கை நிற்கிறது. வந்தவர் தானாகவே எழும்பி யன்னல் பக்கம் போகிறார். வசனம் எழுதியிருந்தால் கிழித்துவிடுங்கள்.

இனி வெளிச்சம். ஒருவரும் சுவிச் பக்கம் போகாமல் அறை தானாக இருளட்டும். ஆனால் கொழும்பு பூமத்திய ரேகைக்கு வடக்கே 7 பாகையளவில்தான் இருக்கிறது. சூரியன் கடலில் விழுந்தபின் இருபது நிமிடம் சொச்சத்தில் எல்லாம் முடிந்துவிடும். ஒத்திகையை ஐந்து மணிக்கே முடித்துவிடுங்கள். எக்ஸ்போஷரையும் (வெளிச்ச அளவு) வைற் பலன்ஸையும் (நிறச் சமன்) கையால் பூட்டுங்கள், கைபேசியில் எடுத்தாலும்தான். தானியங்கியில் விட்டால் இருட்ட இருட்டக் கமரா வெளிச்சத்தைக் கூட்டிக்கொண்டே போய், அந்தியே இல்லாமல் செய்துவிடும். வெளிச்சத்தை முகத்துக்குத் திருப்ப யன்னலுக்கு எதிர்ப்பக்கம் வெள்ளை ரெஜிபோம் பலகை பிடிக்கும் பழக்கத்தை இன்றைக்கு விட்டுவிட்டு, கறுப்புத் துணி தொங்கவிடுங்கள். முகத்தின் ஒரு பாதி மெல்ல அமிழும்.

எங்களுக்கு முதல் நாள் அந்தி தப்பிவிட்டது. ‘பதேர் பாஞ்சாலி’யின் தொடர்ச்சியாக 1956இல் வந்த ‘அபராஜிதோ’வில் ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா, ஸ்டூடியோவில் கட்டிய காசி வீட்டு முற்றத்துக்கு மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, லைற்றை அதில் அடித்துத் திருப்பி வானத்து வெளிச்சத்தைக் கொண்டுவந்தார். நாங்கள் பல்கனியில் படுக்கைவிரிப்பைக் கட்டி, எல்.ஈ.டி. லைற்றை அதில் அடித்து, நாலு நிமிடத்தில் டிம்மரை மெல்ல மெல்லக் குறைத்தோம். கடல்காற்றில் துணி அசைந்தால் சுவரும் அசையும். கீழ் முனைகளில் தண்ணீர்ப் போத்தல் கட்டுங்கள்.

கடைசியில் மகன் வந்து சுவிச்சைப் போடுகிறான். சோக்கும் ஸ்ரார்ட்டரும் உள்ள பழைய ரியூப்லைற்றைத் தேடிப் பிடியுங்கள், எல்.ஈ.டி. ஒரேயடியாக எரிந்துவிடும், பழையது இரண்டு மூன்று தரம் மினுங்கித்தான் பிடிக்கும். அந்த மினுக்கத்தில் அம்மா கண்ணைச் சுருக்கி மடியைப் பார்க்கிறார். இலை பாதிகூட ஆயவில்லை. “சாப்பிட்டியா தம்பி?” என்றபடி நிலத்தில் கையூன்றி எழும்புகிறார். முழுதாக நிமிர்வதற்கு முன் வெட்டுங்கள்.