வெங்காயப் பூவுக்குத் தேனீயும் ஈயும்: விதை எடுக்கப் புதிதாக இறங்குபவர்களுக்கு

பெரம்பலூர், தாராபுரம் பக்கம் போய் 'விதை வெங்காயம்' என்று கேட்டால் சாக்கை அவிழ்த்துக் காயைத்தான் அள்ளிக் காட்டுவார்கள். சின்ன வெங்காயம் காலங்காலமாகக் காய் ஊன்றித்தான் வருகிறது. ஏக்கருக்கு 500, 600 கிலோ காய் வேண்டும். விலை ஏறிய வருஷத்தில் அதை வாங்கவே நகை அடகுக்குப் போகும். பூவிலிருந்து எடுக்கும் கறுப்பு விதையை நாற்றுவிட்டு நட்டால் ஒன்றிரண்டு கிலோவில் ஏக்கர் அடங்கிவிடும். அந்த விதையை நாமே எடுப்பதுதான் இந்தப் பதிவு. காய் விளைவிப்பதில் கைதேர்ந்தவர்கள்கூட விதை எடுக்கும்போது சறுக்குவது மகரந்தம் சேர்க்கும் பூச்சி விஷயத்தில்தான். அதனால் உரம், தண்ணீரை வேகமாகக் கடந்துவிட்டு அங்கே போய் உட்காரப் போகிறேன்.

முதலில் பூவைப் பாருங்கள்

பூத்தண்டின் உச்சியில் உருண்டையாக நிற்பது ஒற்றைப் பூ இல்லை; சில நூறு சிறு பூக்கள் சேர்ந்த கொத்து. அதில் ஒன்றைக் கிள்ளி உள்ளங்கையில் வையுங்கள். ஆறு இதழ், ஆறு மகரந்தக் காம்பு, நடுவில் பச்சைக் குமிழ் மாதிரி சூல்பை. உள்வட்டத்து மூன்று மகரந்தப் பைகள் முதலில் வெடிக்கும், அப்புறம் வெளிவட்டத்து மூன்று. அப்போது சூல்பைக்கு மேலே இருக்கும் சூல்தண்டு கண்ணுக்குத் தெரியாத அளவு குட்டையாக இருக்கும். மகரந்தம் எல்லாம் கொட்டித் தீர்ந்த பிறகே அது நீண்டு, மகரந்தத்தை வாங்கத் தயாராகும்.

ஆக, ஒரு பூ தன் மகரந்தத்தைத் தானே வாங்கிக்கொள்ள வழியில்லை. பக்கத்துப் பூவிலிருந்தோ பக்கத்துச் செடியிலிருந்தோ யாராவது தூக்கிவர வேண்டும். மகரந்தம் பிசுபிசுப்பானது என்பதால் காற்றை நம்பிப் பயனில்லை. சூல்பையில் மூன்று அறை, அறைக்கு இரண்டு சூல்; சூல்தான் விதையாக மாறும். ஒரு பூவிலிருந்து ஆறு விதைக்கு மேல் வராது. மூன்று, நான்கு கிடைத்தாலே நல்ல மகசூல்.

1. ரகமும் நடவும்

நாட்டுச் சின்ன வெங்காயத்தில் பெரும்பாலானவை சரியாகப் பூக்காது. பூத்து விதை பிடிக்கும் ரகம் வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 5 அதற்கென்றே வந்தது. வீரிய ஒட்டு ரகத்தை எடுத்துக்கொள்ளாதீர்கள், அதன் விதையில் அடுத்த வருஷம் ஆளுக்கொரு முகம் வரும். ஒரே நிறம், ஒரே வடிவம் உள்ள நடுத்தரக் காய்களாகப் பொறுக்கி ஐப்பசியில் ஊன்றுங்கள். பனிக்காலக் குளிர்ச்சியில் பூத்தண்டு கிளம்பி, தை, மாசியில் பூக்கும்.

2. இடம்

தேனீ பட்டா பார்த்துப் பறப்பதில்லை. விதைச் சான்று விதிப்படி, வேறு வெங்காய ரகம் பூக்கும் வயலிலிருந்து விவசாயிக்கு விற்கும் சான்று விதைக்கு 500 மீட்டர், அந்தச் சான்று விதையைப் பெருக்க உதவும் ஆதார விதைக்கு 1000 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். வீட்டுத் தேவைக்கு எடுப்பவர்களும் 500 மீட்டரைப் பிடித்துக்கொள்வது நல்லது. பக்கத்தில் வெங்காயம் இருப்பதே தப்பு இல்லை, அது பூத்தால்தான் வம்பு. பக்கத்துத் தோட்டத்து அண்ணனிடம், "பூத்தண்டு வந்தா ஒடிச்சு விட்டுருங்கண்ணே, காயும் நல்லா பருக்கும்" என்று சொல்லிப் பாருங்கள். அவருக்கும் லாபம் என்பதால் முகம் சுளிக்க மாட்டார்.

தூரமே கிடைக்காது என்றால் 5-வது படிக்குப் போங்கள்.

3. போட்டிப் பூக்களை ஒழித்துக் கட்டுங்கள்

இதில் நான் பட்ட பாடு பெரிசு. முதல் வருஷம், தேனீ வரட்டும் என்று வெங்காயப் பாத்தியின் வரப்பெல்லாம் கொத்தமல்லி விதைத்தேன். தேனீ வந்தது. சாரை சாரையாக வந்தது. கொத்தமல்லிப் பூவிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு அப்படியே வீட்டுக்குப் போனது. வெங்காயப் பூவை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

காரணம் பின்னால்தான் தெரிந்தது. வெங்காயப் பூந்தேனில் பொட்டாசியம் அதிகம். அது தேனீக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. வேறு வழி இல்லாவிட்டால் குடிக்கும், வேறு நல்ல பூ கிடைத்தால் போய்விடும். கொத்தமல்லி, கடுகு, சூரியகாந்தி எல்லாம் அதற்கு விருந்து. அதனால் வெங்காயம் பூக்கும் மூன்று, நான்கு வாரம் அக்கம்பக்கத்தில் இவை பூக்காத மாதிரி விதைப்பை முன்னேயோ பின்னேயோ தள்ளுங்கள். முருங்கையை வெட்ட முடியாது, அது இருந்துவிட்டுப் போகட்டும்.

பூக்கும் நேரத்தில் தண்ணீர் குறையக் கூடாது. மண் காய்ந்தால் தேன் சுரப்பும் காயும்.

4. தேனீப் பெட்டி

நம் ஊருக்கு இந்தியத் தேனீ, அதாவது அடுக்குத் தேனீ, போதும். குமரி மாவட்டத்து மார்த்தாண்டம் பக்கம் பெட்டி வளர்ப்பவர்கள் நிறைய. உங்கள் மாவட்டத்திலும் வாடகைக்குத் தருபவர்கள் இருப்பார்கள். ஏக்கருக்கு இரண்டு பெட்டியில் தொடங்குங்கள். பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லி அடையில் புழு இருக்கிறதா என்று பாருங்கள். புழு இருந்தால்தான் அதற்கு ஊட்ட மகரந்தம் தேடி வேலைக்காரத் தேனீ வெளியே ஓடும். புழு இல்லாத பெட்டி வாடகைக்குப் பிடித்த கேடு.

எப்போது வைப்பது? பத்துக் கொத்தில் ஒன்று விரிந்த பிறகு. ஆர்வக் கோளாறில் முன்னாலேயே வைத்தால் வேறு பூவைத் தேடிப் பிடித்து அதற்கே பழகிவிடும். பெட்டியை ராத்திரி வாசலை அடைத்துத் தூக்கிவாருங்கள். பழைய இடம் மூன்று கிலோமீட்டருக்காவது அப்பால் இருக்க வேண்டும். கிட்டத்தில் இருந்தால் வேலைக்குப் போன தேனீ பழைய இடத்துக்கே திரும்பிப் போய்த் தேடும். நிழலில், வாசல் கிழக்கே பார்க்க வையுங்கள். தாங்கியின் காலுக்கு எறும்பு ஏறாமல் தண்ணீர்க் கிண்ணம். பக்கத்தில் கூழாங்கல் போட்ட தட்டில் தண்ணீர். கல் இல்லாவிட்டால் விழுந்து சாகும்.

காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் பாத்தி ஓரமாக நின்று பாருங்கள். கொம்புத் தேனீ, கொடுக்கில்லாத சிறு தேனீ, பூ ஈ எல்லாம் தானாகவே வந்திருக்கும். அவையும் உங்கள் ஆட்கள்தான்.

5. வலைக்கூண்டும் ஈயும்

இடம் சின்னது, இரண்டு ரகம் வைத்திருக்கிறீர்கள், தூரம் இல்லை என்றால் கூண்டுதான் வழி. மூங்கில் நட்டு, ஆள் நுழையும் உயரத்துக்குப் பூச்சி புகாத நைலான் வலையைப் போர்த்தி, அடியை மண்ணில் புதையுங்கள். பூ விரிவதற்கு முன்பே மூடிவிட வேண்டும்.

உள்ளே தேனீப் பெட்டி வைக்கலாம்தான், ஆனால் சின்னக் கூண்டில் தேனீ கூரை வலையிலேயே மோதி மோதிச் சாகும். மிச்சம் இருப்பதைச் சர்க்கரைப் பாகு ஊட்டித்தான் காப்பாற்ற வேண்டும். என் ஓட்டு ஈக்கு. முகம் சுளிக்காதீர்கள். அமெரிக்காவில் அயோவா மாநிலத்து ஏம்ஸில் இருக்கும் விதைக் கருவூலத்தில்கூடத் தேனீயோடு ஈயையும் கூண்டுக்குள் விட்டு விதை எடுக்கிறார்கள். வெங்காயம், கேரட், கொத்தமல்லி போன்ற திறந்த சிறு பூக்களில் ஈ நன்றாக வேலை செய்யும். பூசணி, பாகல் மாதிரிக் காய்களுக்கு அது ஆகாது.

வளர்ப்பது சுலபம், நாற்றம்தான் பிரச்சினை. வீட்டையும் மாட்டுக் கொட்டகையையும் விட்டுத் தள்ளி, காற்று போகும் திசை பார்த்து, ஒரு பழைய வாளியில் மீன் கழிவைப் போட்டு நிழலில் வையுங்கள். பச்சையும் நீலமுமாக மின்னும் ஈ வந்து முட்டையிட்டதும், வேறு ஈ ஏறாமல் துணியால் கட்டிவிடுங்கள். நாலைந்து நாளில் புழு தடித்துவிடும். வாளியை உலர்ந்த மணல் பரப்பிய அகலமான தொட்டிக்குள் வையுங்கள். தின்று முடித்த புழு தானாகவே ஏறி வெளியேறி மணலுக்குள் புதையும். இரண்டு நாள் கழித்து மணலைச் சலித்தால் செம்பழுப்பு நிறத்தில் கூட்டுப்புழுக்கள். கையுறை போட்டு எடுத்து, தண்ணீரில் அலசி, ஒரு டப்பாவில் போட்டுக் கூண்டுக்குள் நிழலில் வையுங்கள். சில நாளில் ஈ பறக்கும். பஞ்சில் சர்க்கரைத் தண்ணீர் நனைத்து வைத்தால் கொஞ்ச நாள் கூடுதலாக உயிரோடு இருக்கும்.

ஒரே தவணையில் எல்லாவற்றையும் விட்டுவிடாதீர்கள். கொத்து பூத்து முடிய வாரக்கணக்கில் ஆகும், ஈ அவ்வளவு நாள் தாங்காது. வாரம் ஒரு கைப்பிடி என்று பிரித்து விடுங்கள். கூண்டுக்கு வெளியே ஒரு ஈ போகக் கூடாது.

6. மருந்து

வெங்காயத்துக்குப் பெரிய தொல்லை இலைப்பேன். அதைப் பூ விரிவதற்கு முன்பே அடக்குங்கள். பூத்த பிறகு அடித்தால் இலைப்பேனோடு தேனீயும் போகும். ஒருமுறை பக்கத்து வயலில் காலை எட்டு மணிக்கு மருந்தடித்தார்கள். மதியம் என் பெட்டி வாசலில் ஒரு கைப்பிடி தேனீ நாக்கை நீட்டியபடி செத்துக் கிடந்தது. சண்டை போட்டு என்ன செய்ய? இப்போதெல்லாம் பூக்காலம் தொடங்கும்போதே நானே போய்ச் சொல்லிவிடுகிறேன்: அடித்தே ஆக வேண்டுமானால் இருட்டிய பிறகு அடியுங்கள், முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லுங்கள், பெட்டியை மூடிக்கொள்கிறேன்.

7. வேலை நடந்ததா என்று பாருங்கள்

பூ வாடி ஒரு வாரத்தில் கொத்தைத் தடவிப் பாருங்கள். மகரந்தம் சேர்ந்த பூவில் சூல்பை பச்சையாக, மூன்று பக்கமும் புடைத்து, விரலுக்குக் கெட்டியாக இருக்கும். சேராதது வெறும் சருகாக நசுங்கும். பாதிக்கு மேல் சருகு என்றால் இன்னும் விரிய வேண்டிய பூக்களுக்காவது பூச்சியைக் கூட்டுங்கள். இன்னொரு பெட்டியோ இன்னொரு பிடி கூட்டுப்புழுவோ.

8. அறுவடை

கொத்தில் பத்தில் ஒன்றிரண்டு விதைக்காய் வெடித்துக் கறுப்பு விதை எட்டிப் பார்க்கும்போது அறுக்க வேண்டும். எல்லாக் கொத்தும் ஒன்றாக முற்றாது, மூன்று நான்கு தவணை ஆகும். பனி ஈரம் இருக்கும் காலையில், ஒரு சாண் தண்டோடு வெட்டுங்கள். வெயில் ஏறினால் விதை மண்ணில் கொட்டும். நிழலில் தார்ப்பாயில் காயவைத்து, கையால் கசக்கி, முறத்தில் புடையுங்கள். சந்தேகமாக இருந்தால் தண்ணீரில் போட்டு, மிதப்பதை வழித்தெறிந்து, மூழ்கியதை உடனே உலர்த்துங்கள்.

வெங்காய விதைக்கு ஆயுள் குறைவு. சாதாரணமாக வைத்தால் ஒரு வருஷம்தான். நன்றாகக் காயவைத்துக் காற்றுப் புகாத டப்பாவில் அடையுங்கள். நாற்றுவிடுவதற்கு முன் 100 விதையை ஈரத்துணியில் சுருட்டி வைத்து, ஆறாம் நாள் ஒருமுறை, பன்னிரண்டாம் நாள் ஒருமுறை எண்ணுங்கள். 70 முளைத்தால் சான்று விதையின் குறைந்தபட்ச அளவு வந்துவிட்டது. அதற்குக் கீழே இருந்தால் நாற்றங்காலில் விதையைக் கூட்டித் தூவுங்கள்.