முதல் அரை மணி நேரம்: சிகாகோ புறநகர்க் கோடை விழாக்களில் குடும்பங்கள் செய்யும் தவறுகள்

சிகாகோவைச் சுற்றியுள்ள புறநகர்களில் மே மாதக் கடைசியிலிருந்து, செப்டம்பர் முதல் திங்கட்கிழமையான தொழிலாளர் தினம் வரை, ஏதாவதோர் ஊரில் விழா நடந்துகொண்டே இருக்கும். ஜூன் மாதத்தில் ஜெனீவா நகரில் ஸ்வீடிஷ் டேஸும் லாங் குரோவில் ஸ்ட்ராபெரி விழாவும் வரும். ஜூலை 4ஐ ஒட்டி ஆர்லிங்டன் ஹைட்ஸில் ஃப்ரண்டியர் டேஸ். கடைசியாகத் தொழிலாளர் தின வாரக் கடைசியில் நேப்பர்வில்லில் லாஸ்ட் ஃப்ளிங். நீண்ட பனிக்காலத்தை வீட்டுக்குள்ளேயே கழித்த ஊர்கள், கிடைத்த குறுகிய கோடையைத் தெருவில் இறங்கிக் கொண்டாடும் நாட்கள் இவை. இப்பகுதிகளில் குடியேறியிருக்கும் நம் குடும்பங்களும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, கோடையில் ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டிகளையும் கூட்டிக்கொண்டு போகின்றன. ஆனால் அவர்களில் பலர் இரண்டு மணி நேரத்துக்குள் களைத்துப்போய், எதிர்பார்த்ததைவிட அதிகமாகச் செலவழித்துவிட்டோமே என்ற மனக்குறையோடு திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் குடும்பமும் முதல் சில ஆண்டுகள் அப்படித்தான் திரும்பியது. யோசித்துப் பார்த்தால், அநேகமாக எல்லாத் தவறுகளும் உள்ளே நுழைந்த முதல் அரை மணி நேரத்தில், இடத்தைப் பார்ப்பதற்கு முன்பே முடிவெடுத்துவிடுவதால் நேர்கின்றன.

அவற்றுள் பெரியது, நுழைந்ததும் ராட்டினங்களுக்கான டிக்கெட் கூண்டுக்கு நேராகப் போவது. ஒரு ராட்டினத்துக்கு ஒரு டிக்கெட் என்பது இங்கே வழக்கமில்லை. ராட்டினத்தைப் பொறுத்து மூன்று, நான்கு, ஆறு என்று டிக்கெட்டுகள் கேட்பார்கள். அந்தக் கணக்கைப் பார்த்து மலைத்துப்போகும் பெற்றோர், ஒரே விலையில் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறலாம் என்னும் ரிஸ்ட்பேண்டை வாங்கிப் பிள்ளைகளின் மணிக்கட்டில் கட்டிவிடுகிறார்கள். அது பெரும்பாலும் குறிப்பிட்ட சில மணி நேரத்துக்கு மட்டுமே செல்லும். ஆகவே கட்டிய நிமிடத்திலிருந்து, கொடுத்த பணத்துக்கு ஈடாக எத்தனை ராட்டினம் ஏறினோம் என்ற கணக்கு தொடங்கிவிடுகிறது. பிள்ளைகள் வரிசைக்கு வரிசை ஓடுகிறார்கள், பெரியவர்கள் வெயிலில் பின்னால் நடக்கிறார்கள், உணவுப் பக்கத்தையோ மேடையில் வாசிக்கும் ஊர் இசைக்குழுவையோ யாரும் பார்ப்பதில்லை.

எங்கள் இளைய மகளுக்கு ஐந்து வயதிருந்தபோது நாங்கள் செய்த பிழையும் இதுதான். ரிஸ்ட்பேண்ட் கட்டிய பிறகுதான், அவள் ஆசைப்பட்ட ராட்டினங்கள் எல்லாவற்றின் வாசலிலும் 42 அங்குல உயரக்கோடு வரையப்பட்டிருப்பதைக் கவனித்தோம். அவள் உயரம் 40 அங்குலம். அக்கா ஏறுவதைப் பார்த்தபடி ஒன்றரை மணி நேரம் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த முகம் இன்னும் என் நினைவில் இருக்கிறது. உயர அளவு 36, 42, 48 அங்குலம் என்று ராட்டினத்துக்கு ராட்டினம் மாறும் என்பதால், புறப்படுமுன் வீட்டிலேயே செருப்போடு பிள்ளையை அளந்துகொண்டு, உள்ளே போனதும் ஒரு முழுச் சுற்று நடந்து, அவர்கள் ஏறக்கூடியவை எத்தனை என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் டிக்கெட்டா ரிஸ்ட்பேண்டா என்று தீர்மானிக்க வேண்டும். ஐந்தாறுக்கும் குறைவாக இருந்தால் தனி டிக்கெட்டே மேல். ரிஸ்ட்பேண்டுதான் என்று முன்பே முடிவாகிவிட்டால், விழா தொடங்குமுன் இணையத்தில் சலுகை விலையில் கிடைக்கிறதா என்று பாருங்கள்; பல விழாக்களில் கிடைக்கும்.

அந்தச் சுற்றின்போது இன்னொன்றையும் கவனிக்கலாம். இல்லினாய் மாநிலத்தில் இத்தகைய ராட்டினங்களை மாநிலத் தொழிலாளர் துறை சோதித்து அனுமதி வழங்குகிறது; அந்த அனுமதி வில்லை ராட்டினத்தில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். வில்லை கண்ணில் படாவிட்டால் நடத்துபவரிடம் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. பாதுகாப்புக் கம்பி சரியாகப் பூட்டவில்லை என்று பிள்ளை சொன்னால், வரிசையில் நிற்பவர்கள் காத்திருக்கிறார்களே என்று எண்ணாமல் உடனே இறக்கிவிடச் சொல்லுங்கள்.

ராட்டினங்களும் விளையாட்டுக் கடைகளும் நிற்கும் பகுதியை இங்கே மிட்வே என்பார்கள். 1893இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியின் கேளிக்கைப் பகுதி மிட்வே பிளைசன்ஸ் என்னும் பூங்காப் பட்டையில் அமைந்திருந்தது; அந்தப் பெயர்தான் இப்படி நிலைத்துவிட்டது. ஜார்ஜ் ஃபெரிஸ் கட்டிய 264 அடி உயர முதல் ராட்சத ராட்டினம் 36 பெட்டிகளோடு, பெட்டிக்கு 60 பேர் வரை ஏற்றிச் சுழன்றது அங்கேதான். தீவுத்திடல் பொருட்காட்சியில் நாம் அண்ணாந்து பார்த்த ராட்டினத்துக்கும் இந்த மண்தான் பிறந்த இடம் என்று தாத்தா பாட்டிக்குச் சொன்னால் அவர்கள் முகம் மலரும். ஆனால் மிட்வேயையே விழா என்று நினைத்துவிடுவது தவறு. அங்குள்ள ராட்டினங்களைப் பெரும்பாலும் ஊர் ஊராகப் போகும் ஒரு நிறுவனம் கொண்டுவந்து நிறுத்துகிறது. ஊருக்கே உரிய பகுதி, லயன்ஸ், ரோட்டரி போன்ற சேவைச் சங்கத்தினரும் தேவாலயத்தாரும் உள்ளூர்ச் சமையற்காரர்களும் நிற்கும் உணவுக் கூடாரங்களில் இருக்கிறது. அங்கே செலவாகும் பணத்தில் ஒரு பங்கு பெரும்பாலும் ஊரின் உதவித்தொகைக்கோ உணவு வங்கிக்கோ போய்ச் சேருகிறது. சோளம் சுட்டுக் கொடுப்பவர் உங்கள் மகளின் பள்ளி ஆசிரியராகவும் இருக்கக்கூடும்.

உணவு வரிசையிலும் அதே அவசரம்தான் கெடுக்கிறது. முதலில் கண்ணில் படுவது எண்ணெயில் பொரித்த பண்டங்கள். எல்லா ஊரிலும் ஒரே மாதிரி கிடைப்பவை. பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியர்களின் வழியில் வந்த ஃபனல் கேக் ஒன்றைச் சாப்பிடாமல் வரக் கூடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்; ஜிலேபி பிழிவதுபோல மாவைச் சுற்றிச் சுற்றி எண்ணெயில் விட்டு, மேலே சர்க்கரைப் பொடி தூவித் தருவார்கள். ஆனால் நால்வருக்கும் ஆளுக்கொன்று வாங்கினால் அதற்குப் பின் யாருக்கும் எதுவும் இறங்காது. இந்த விழாக்களில் சில விளைச்சலை ஒட்டி வருபவை என்பதை நினைவில் கொள்ளுங்கள். ஜூன் மாதம் ஸ்ட்ராபெரி பழுக்கும் காலம். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் முழுவதும் இல்லினாயின் இனிப்புச் சோளம் அறுவடையாகும் காலம். அன்று காலை பறித்த சோளத்தை அந்த வாரத்தில் விட்டால் பிறகு கடையில் வாங்கும் எதிலும் அந்தச் சுவை வராது. முழுச் சுற்று வந்து, அந்த ஊருக்கும் அந்த மாதத்துக்கும் உரியவை எவை என்று பார்த்துவிட்டு, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு தட்டு வாங்கி எல்லோரும் பகிர்ந்துண்பதுதான் வயிற்றுக்கும் பணப்பைக்கும் ஏற்ற வழி. சுழலும் ராட்டினங்களில் ஏறுவதையெல்லாம் முடித்துவிட்டுச் சாப்பிடுங்கள். இந்த வரிசை மாறினால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

சைவம் மட்டுமே உண்பவர்கள் இன்னும் கொஞ்சம் நின்று விசாரிக்க வேண்டும். பலகையில் வெஜிடேரியன் என்று எழுதியிருப்பதும் நாம் நினைப்பதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. உருளைக்கிழங்கு வறுவல், கோழி பொரித்த அதே எண்ணெயில் பொரிக்கப்பட்டிருக்கலாம். மெக்சிகோ உணவுக் கடைகளில் பீன்ஸ் மசியலில் பன்றிக் கொழுப்பும், சிவந்த சோற்றில் கோழிச் சாறும் சேர்ப்பது பழைய வழக்கம். பார்பிக்யூ கூடாரத்தின் பீன்ஸில் இறைச்சித் துண்டுகள் இருப்பது சாதாரணம். மார்ஷ்மெலோவில் விலங்குகளின் எலும்பு, தோலிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் உண்டு. ஃபனல் கேக் மாவில் பெரும்பாலும் முட்டை உண்டு. மெக்சிகோ முறையில் மசாலா பூசிய எலோட்டே சோளத்தின் மயோனைஸிலும் முட்டை உண்டு. ஆகவே சைவமா என்று ஒற்றைக் கேள்வியோடு நிறுத்தாமல், என்ன எண்ணெய், என்ன சாறு, முட்டை உண்டா என்று தனித்தனியாகக் கேளுங்கள். கேட்பதற்கு ஏற்ற நேரம் கூட்டம் சேர்வதற்கு முந்தைய அந்த அரை மணிதான். நிலக்கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளையோடு போகிறவர்கள், பொரிக்கும் எண்ணெய் கடலை எண்ணெயா என்பதைக் கேட்காமல் எதையும் வாங்கக் கூடாது. வெண்ணெய் தடவிய சோளம், கெட்டில் கார்ன் என்னும் இனிப்பும் உப்பும் சேர்ந்த சோளப் பொரி, புதிதாகப் பிழிந்த லெமனேட், பஞ்சு மிட்டாய் ஆகியவற்றில் பொதுவாகச் சைவம் பற்றிய சிக்கல் குறைவு. இயந்திரத்தில் சுழற்றிய பஞ்சு மிட்டாய் 1904இல் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில்தான் பெருவாரியான மக்களை அடைந்தது. அந்த இயந்திரத்தைக் கண்டுபிடித்த இருவரில் ஒருவரான வில்லியம் மாரிசன் ஒரு பல் மருத்துவர். சர்க்கரை நோய் உள்ள பெரியவர்களின் கையில் பெரிய குவளை லெமனேடைத் தண்ணீருக்குப் பதிலாகக் கொடுத்துவிடாதீர்கள்.

எந்த நேரத்தில் போகிறோம் என்பதும் முக்கியம். சனிக்கிழமை நண்பகலில் போவதுதான் நம்மவர் வழக்கம்; வெயிலும் கூட்டமும் சேர்ந்து வரும் வேளை அது. சிகாகோவில் ஜூன் மாதச் சூரியன் இரவு எட்டரை மணிக்குத்தான் மறைகிறது. மாலை ஐந்து மணிக்குப் போனாலும் மூன்று மணி நேரத்துக்கு மேல் பகல் வெளிச்சம் மிச்சமிருக்கும். வார நாள் மாலையாக இருந்தால் இன்னும் நல்லது. ரத்த அழுத்தத்துக்காக நீர் பிரியும் மாத்திரை சாப்பிடும் பெரியவர்களுக்கு வெப்பம் விரைவில் ஏறும். அவர்களுக்குத் தண்ணீர், தொப்பி, மடக்கு நாற்காலி மூன்றும் கட்டாயம் வேண்டும். முதல் சுற்றிலேயே நிழலான ஓரிடத்தையும் கழிப்பறை இருக்கும் இடத்தையும் பார்த்து, நாற்காலியை அங்கே விரித்துவிடுங்கள். தூங்கிவிட்ட குழந்தையை ஐந்து நிமிடம்தானே என்று காரில் விட்டுவிட்டு வருவது, மன்னிக்க இடமில்லாத தவறு. மூடிய காருக்குள் பத்தே நிமிடத்தில் 20 டிகிரி ஃபாரன்ஹீட் அளவுக்கு வெப்பம் கூடிவிடும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைப்பது பயன் தராது.

இங்கே கோடை மழை பெரும்பாலும் இடியோடு வருகிறது. இடி கேட்டதும் உணவுக் கூடாரத்துக்குள் ஒண்டுவது நம் இயல்பு; ஆனால் கூடாரம் மின்னலிலிருந்து காக்காது. மழை இன்னும் தொடங்காத இடத்திலும், பத்து மைல் தொலைவில் நிற்கும் மேகத்திலிருந்து மின்னல் விழக்கூடும். கட்டடத்துக்குள்ளோ உலோகக் கூரையுள்ள மூடிய காருக்குள்ளோ போய், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் வெளியே வர வேண்டும்.

பிள்ளை கூட்டத்தில் பிரிந்துபோவதைப் பற்றி யாரும் முன்கூட்டிப் பேச விரும்புவதில்லை. ஆனால் நுழைவாயிலிலேயே அதைப் பேசிவிடுவது நல்லது. அன்றைய உடையோடு ஒவ்வொருவரையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். தொலைபேசி எண்ணைப் பிள்ளையின் கையில் பேனாவால் எழுதுங்கள். சந்திக்கும் இடமாக ராட்டினம் எதையும் சொல்லாதீர்கள். இருட்டியதும் எல்லா ராட்டினமும் பிள்ளையின் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். நூலகம், மணிக்கூண்டு போன்ற நிலையான கட்டடத்தைக் காட்டுங்கள். நம் வீடுகளுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு: பெற்றோரின் பெயரைக் கேட்டால் அம்மா, அப்பா என்று மட்டுமே சொல்லத் தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். முழுப் பெயரைச் சொல்லப் பழக்குங்கள். தாத்தா பாட்டிக்கும் இதே ஏற்பாடு தேவை. அவர்கள் கையிலிருக்கும் இந்திய சிம் இங்கே வேலை செய்யாமல் போகலாம். வீட்டு முகவரியும் உங்கள் எண்ணும் எழுதிய ஒரு தாளைச் சட்டைப்பையில் வைத்து அனுப்பினால் அவர்களுக்கும் தைரியம். பதின்வயதுப் பிள்ளைகளை நண்பர்களோடு இறக்கிவிட்டு வரலாம் என்று எண்ணுபவர்கள் விழாவின் விதிகளை முதலில் படிக்க வேண்டும். அண்மை ஆண்டுகளில் பல விழாக்கள் மாலைக்குப் பிறகு 18 வயதுக்குட்பட்டவர்கள் பெரியவர் துணையோடுதான் வர வேண்டும் என்று வைத்திருக்கின்றன.

ஆட்டுக்குட்டியையும் முயலையும் தொட்டுப் பார்க்கும் பட்டி இருந்தால் பிள்ளைகளை அங்கிருந்து இழுக்க முடியாது, இழுக்கவும் வேண்டாம். ஆனால் உணவையும் பால் புட்டியையும் உள்ளே கொண்டுபோகாதீர்கள். வெளியே வந்ததும் சோப்பும் தண்ணீரும் கொண்டு கை கழுவ வேண்டும். சானிடைசர் மட்டும் தடவினால் போதாது. பரிசு தரும் விளையாட்டுக் கடைகளில், பந்து எறியும் வளையம் வழக்கமான அளவைவிடச் சிறியதாக இருக்கக்கூடும் என்பதை அறிந்து, பிள்ளைக்கு இரண்டு முறை என்று முன்பே சொல்லி வைத்தால் அழுகை குறையும். பொழுது சாயும்போது கொசு வரும். இந்தப் பகுதியில் வெஸ்ட் நைல் காய்ச்சலைப் பரப்பும் கொசுக்கள் அந்த வேளையில்தான் அதிகம் கடிப்பதால், டீட் (DEET) என்னும் கொசுவிரட்டி கலந்த மருந்தைத் தடவிக்கொள்ளலாம். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு அதைத் தடவக் கூடாது. குழந்தையின் தள்ளுவண்டிக்கு வலை போடுங்கள்.

திரும்பும் வேளைக்கும் ஒரு திட்டம் வேண்டும். வாணவேடிக்கை முடிந்ததும் எல்லாக் கார்களும் ஒரே சாலைக்கு வரும். ஒன்று, வேடிக்கை தொடங்குமுன் கிளம்பிவிடுங்கள், அல்லது முடிந்தபின் நாற்காலியிலேயே அரை மணி நேரம் அமர்ந்திருங்கள். மீந்த உணவைக் கட்டிக்கொண்டு வருவது நம் வளர்ப்பு, ஆனால் வாங்கி இரண்டு மணி நேரம் ஆகிவிட்ட இறைச்சியையோ பால் பண்டத்தையோ வைத்திருக்கக் கூடாது. வெப்பம் 90 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டிய நாளில் அந்தக் கெடு ஒரு மணி நேரம்தான். கையில் மீந்த ராட்டின டிக்கெட்டுகள் அடுத்த ஆண்டு செல்லும் என்று எண்ணிப் பையில் போடாதீர்கள், பெரும்பாலும் செல்லாது. வெளியேறும் வழியில், டிக்கெட் கூண்டின் முன்னால் சிறு பிள்ளையோடு காசை எண்ணிக்கொண்டு நிற்கும் குடும்பம் ஒன்று எப்படியும் இருக்கும். அவர்களிடம் கொடுத்துவிட்டு வாருங்கள்.