படப்புத்தகத்தை எழுதியிருக்கிறபடியே வாசிக்காதீர்கள், முதலில் பேசுங்கள்

இரண்டு மூன்று வயதுக் குழந்தைக்குத் தமிழ்ப் படப்புத்தகம் படித்துக் காட்ட உட்கார்ந்தால் முதல் பக்கத்திலேயே ஒரு சிக்கல் வரும். புத்தகத்தில் 'யானை குளத்தை நோக்கிச் சென்றுகொண்டிருந்தது' என்று இருக்கும். குழந்தையோ பிறந்ததிலிருந்து 'யானை குளத்துக்குப் போயிட்டு இருந்துச்சு' என்கிற தமிழைத்தான் கேட்டிருக்கிறது. அச்சில் உள்ளதை அப்படியே வாசித்தால் செய்தி வாசிக்கிற மாதிரி ஆகிவிடும், குழந்தை மடியை விட்டு இறங்கி ஓடிவிடும். 'என் பிள்ளைக்குப் புத்தகமே பிடிக்கலை' என்று பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான்.

அதனால் முதல் நாலைந்து தடவை உங்கள் வீட்டுப் பேச்சிலேயே சொல்லுங்கள், மதுரைப் பேச்சோ கோவைப் பேச்சோ எதுவானாலும் சரி. படத்தை விரலால் தொட்டுக் காட்டி, யானையின் பெயரைக்கூட மாற்றிக்கொண்டு சொல்லலாம். குழந்தை அதே புத்தகத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கும், கேட்கட்டும். கதை அதற்கு மனப்பாடம் ஆன பிறகு எழுத்தில் உள்ளபடி வாசியுங்கள். அப்போது 'சென்றது' என்றால் 'போச்சு' என்று நாம் சொல்லவே வேண்டாம், கதையே சொல்லிவிடும். என் மகள் மூன்றரை வயதில் ஒருநாள் சாப்பிடும்போது, 'பூனை பாலைக் குடித்துவிட்டது' என்று அச்சுத் தமிழில் சொன்னாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அப்புறம் சத்தம். தமிழில் இதற்குப் பஞ்சமே இல்லை: மழை சடசடவென்று பெய்யட்டும், தவளை தொபுக்கென்று குதிக்கட்டும், புத்தகத்தில் இல்லாவிட்டாலும் நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள். குழந்தையை 'உம்' கொட்டச் சொல்லுங்கள். பக்கத்தின் கடைசிச் சொல்லுக்கு முன்னால் நிறுத்தினால் அதுவே முடித்துவிடும். 'இது என்ன, அது என்ன' என்று கேட்டுக்கொண்டே போனால் பரீட்சை ஆகிவிடும், 'இப்ப என்ன ஆகும்?' என்று கேட்டுவிட்டுப் பொறுமையாக இருங்கள். அமெரிக்க உளவியலாளர் குரோவர் வைட்ஹர்ஸ்டும் அவரோடு சேர்ந்தவர்களும் 1988இல் வெளியிட்ட ஆய்வில், இப்படிக் கேட்டுப் பேசிப் படிக்கப் பெற்றோரைப் பழக்கினார்கள், ஒரே மாதத்தில் அந்தக் குழந்தைகளின் பேச்சு மற்றவர்களைவிட முன்னேறியிருந்தது.

எந்தப் புத்தகம் வாங்குவது? கைக்குழந்தைக்குக் கெட்டி அட்டைப் புத்தகம், பக்கத்துக்கு ஒரே ஒரு பெரிய படம். பிறந்த குழந்தைக்குச் சுமார் 20 முதல் 30 செ.மீ. தூரம்தான் தெளிவாகத் தெரியும், எனவே அந்த அளவுக்குப் பக்கத்தில் பிடியுங்கள். இரண்டு வயதுக்கு மேல் பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரி போதும். சென்னையின் தூலிகா பதிப்பகம் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த இருமொழிப் புத்தகங்கள் போடுகிறது, அதை வாங்கினால் ஒரு தடவைக்கு ஒரு மொழி மட்டும் படியுங்கள், வரிக்கு வரி மொழி மாறினால் கதை அறுந்துபோகும். காசு செலவழிக்க முடியாதவர்களுக்கு பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளம் இருக்கிறது. தமிழ்க் கதைகள் இலவசம், நிலை 1 என்று போட்டிருப்பதிலிருந்து தொடங்குங்கள். முடிந்தால் அச்செடுத்துக் கொடுங்கள், போனில் காட்டினால் குழந்தையின் விரல் அடுத்த வீடியோவைத்தான் தேடும்.

வாங்கிய புத்தகத்தை அலமாரியின் மேல்தட்டில் வைக்காதீர்கள். தவழ்ந்துபோய் எடுக்கிற உயரத்தில் வையுங்கள், கிழிந்தால் செல்லோடேப் போட்டு ஒட்டித் திரும்பக் கையில் கொடுத்துவிடுங்கள்.