டிக்கெட்டை மூடும் அவசரம்: ஐடி சப்போர்ட் பணியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐடி சப்போர்ட் பணியில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை தொழில்நுட்பம் தெரியாததால் நடப்பவை அல்ல. என்ன பழுது, எந்தக் கணினி, பேசுபவர் யார் என்பதை உறுதிசெய்துகொள்ளும் முன்பே கை வைத்துவிடுவதால் நடப்பவை. பழுதைச் சரிசெய்ய ஒப்புக்கொண்ட நேர வரம்பான எஸ்.எல்.ஏ. கெடு ஒருபுறம் ஓடுகிறது, வரிசையில் அடுத்த அழைப்பு காத்திருக்கிறது, மாத இறுதியில் எத்தனை டிக்கெட் (பழுதுப் புகார்ப் பதிவு) மூடினோம் என்ற கணக்கு வருகிறது. இந்த நெருக்கடியில் திறமையான பொறியாளர்கூட எடுத்தேன் கவிழ்த்தேன் என்று வேலை செய்யப் பழகிவிடுகிறார். சப்போர்ட்டில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும், அவர்களுக்கு வழிகாட்டும் மூத்தவர்களுக்கும் பயன்படும் என்ற எண்ணத்தில், இந்த அவசரம் எங்கெங்கே காலை வாருகிறது என்பதை இங்கே விளக்குகிறேன்.

முதல் இடறல் பயனர் சொல்வதைக் கேட்பதிலேயே நேர்கிறது. "நெட் வரவில்லை" என்று ஒருவர் சொன்னால், அதற்கு வைஃபை இணைப்பே இல்லை என்றும் பொருள் இருக்கலாம், அலுவலக வலையமைப்புடன் பாதுகாப்பாக இணைக்கும் வி.பி.என். துண்டிக்கப்பட்டிருக்கலாம், தளத்தின் பெயரை ஐ.பி. முகவரியாக மாற்றித் தரும் டி.என்.எஸ். பதில் தராமல் இருக்கலாம்; ஒரே ஒரு இணையதளம் மட்டும் திறக்காமல் இருக்கலாம். என்ன திறக்கவில்லை, எப்போதிலிருந்து, பக்கத்து இருக்கையில் உள்ளவருக்கு வருகிறதா, நேற்றைக்கும் இன்றைக்கும் இடையில் ஏதாவது மாறியதா என்ற நான்கு கேள்விகளுக்கு இரண்டு நிமிடம் போதும். அவற்றைக் கேட்காமல் உடனே ரிமோட்டில் (தொலைவிலிருந்தே அவர் கணினியில்) ஏறி பிரவுசர் கேஷை அழிக்கத் தொடங்குபவர்கள் ஏராளம். அந்தக் கணினியின் ஐ.பி. முகவரி 169.254 என்று தொடங்கினால், கணினிகளுக்கு முகவரி வழங்கும் டி.எச்.சி.பி. சர்வரிடமிருந்து அதற்கு முகவரியே கிடைக்கவில்லை என்று அர்த்தம். கேபிள், ஸ்விட்ச் போர்ட், டி.எச்.சி.பி. ஆகியவற்றைப் பார்க்க வேண்டிய நேரத்தில் பிரவுசரைக் குடைவதால் ஒரு பயனும் இல்லை.

தமிழ்நாட்டு அலுவலகங்களில் இதே தவறு இன்னொரு வடிவிலும் வரும். பழைய கணினியை மாற்றிப் புதியது கொடுத்த மறுநாள், "தமிழ் ஃபைல் எல்லாம் கெட்டுவிட்டது சார், ஏதோ இங்கிலீஷ் எழுத்தாக வருகிறது" என்று அழைப்பு வரும். வைரஸ் என்றோ, காப்பி செய்யும்போது கோப்பு சிதைந்துவிட்டது என்றோ முடிவுகட்டி, ஆன்டிவைரஸை ஓட்டிவிட்டு, கடைசியில் கோப்பையே கைவிடச் சொன்னவர்களும் உண்டு. உண்மையில் அந்தக் கோப்புகள் வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக் குறியீட்டில் தட்டச்சு செய்யப்பட்டவை. உள்ளே சேமிக்கப்பட்டிருப்பவை ரோமன் எழுத்துக்கும் குறிகளுக்கும் உரிய எண்களே. அந்த எழுத்துரு இருந்தால்தான் அவை திரையில் தமிழாகத் தெரியும். தமிழ்நாடு அரசு 2010-இல் எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோடையும், தமிழுக்கென உருவான டேஸ்16 குறியீட்டையும் ஏற்றுக்கொண்டது. ஆனாலும் அதற்கு முன்பு தட்டச்சு செய்யப்பட்டவையும், பழக்கத்தால் பின்னர் செய்யப்பட்டவையும் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. பழைய கணினியில் எந்த எழுத்துரு இருந்தது என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும் வேலை அது.

அடுத்தது, கேட்காமலே சொல்லிவிடும் ரீஸ்டார்ட். அது பல நேரங்களில் பலிக்கிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இருக்கிறது. அந்த வசதி இயக்கத்தில் உள்ள கணினியில் ஷட் டவுன் கொடுத்து மீண்டும் இயக்கினால், இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் புதிதாகத் தொடங்குவதில்லை, சேமித்து வைக்கப்பட்ட நிலையிலிருந்தே எழுகிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் முழுமையாகப் புதிதாகத் தொடங்கும். "தினமும் அணைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறேன்" என்று பயனர் சொல்வது பொய்யல்ல. ஆனால் டாஸ்க் மேனேஜரில் சி.பி.யு. பகுதியில் அப்டைம் (கடைசியாக முழுமையாகத் தொடங்கியதிலிருந்து ஓடிய நேரம்) எத்தனையோ நாட்களாக ஓடிக்கொண்டிருக்கும். அவரிடம் வாதாடுவதைவிட அந்த எண்ணைப் பார்ப்பது மேல். இரண்டாவது, ரீஸ்டார்ட் செய்தவுடன் தடயம் போய்விடும். எந்த ப்ராசஸ் (இயங்கும் நிரல்) நினைவகத்தை விழுங்கியது, எந்தப் பிழைச் செய்தி திரையில் நின்றது, எந்த இணைப்பு தொங்கிக்கொண்டிருந்தது என்பவை அப்போது பார்த்தால்தான் உண்டு. தனிநபர் லேப்டாப்பில் இது பெரிய இழப்பில்லை. சர்வரில் அப்படியல்ல, அதே பழுது இரண்டு நாள் கழித்து நள்ளிரவில் திரும்பி வரும்போது கையில் ஒன்றுமே இருக்காது. ஒரு ஸ்கிரீன்ஷாட், பிழைச் செய்தியின் முழு வாசகம், நேரம் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு அதன் பிறகு ரீஸ்டார்ட் செய்வதே முறை.

ஒரே நேரத்தில் நான்கு மாற்றங்களைச் செய்து பார்ப்பதும் இதே அவசரத்தின் பிள்ளைதான். டிரைவரை மாற்றி, அப்டேட் போட்டு, ஃபயர்வாலை அணைத்து, ப்ரொஃபைலையும் புதிதாக உருவாக்கிய பிறகு பழுது நீங்கினால், எதனால் நீங்கியது என்று ஒருவருக்கும் தெரியாது. அணைத்த ஃபயர்வால் அணைந்தபடியே கிடக்கும். ஒரு மாற்றம், ஒரு சோதனை, பலிக்காவிட்டால் பழைய நிலைக்குத் திருப்புதல் என்ற ஒழுங்கு மெதுவானதாகத் தோன்றினாலும், மொத்தத்தில் நேரத்தை மிச்சப்படுத்துவது அதுதான்.

காரணத்தைத் தேடாமல் அறிகுறியை மட்டும் துடைப்பதற்கு அக்கவுன்ட் லாக் ஆவது நல்ல எடுத்துக்காட்டு. ஒரு பயனரின் கணக்கு காலையில் பூட்டிக்கொள்கிறது, திறந்துவிடுகிறோம், மதியம் மீண்டும் பூட்டிக்கொள்கிறது. ஒவ்வொரு முறையும் புதிய டிக்கெட், ஒவ்வொன்றும் இரண்டே நிமிடத்தில் மூடப்படுகிறது, கணக்கில் நன்றாகத்தான் தெரிகிறது. அலுவலகக் கணக்குகளின் உள்நுழைவைச் சரிபார்க்கும் டொமைன் கன்ட்ரோலரின் செக்யூரிட்டி லாகில் 4740 என்ற எண்ணுள்ள பதிவைப் பார்த்தால், பூட்டலுக்குக் காரணமான முயற்சி எந்தக் கணினி வழியாக வந்தது என்பது தெரியும். பெரும்பாலும் கடவுச்சொல்லை மாற்றியவர் தன் கைபேசியில் உள்ள மெயிலில் அதை மாற்றியிருக்க மாட்டார். அல்லது வேறொரு கணினியில் துண்டித்துவிட்டு வந்த ரிமோட் டெஸ்க்டாப் அமர்வு பழைய கடவுச்சொல்லோடு முயன்றுகொண்டே இருக்கும். அந்தப் பதிவைப் பார்க்காமல் திறந்துகொண்டே இருப்பவர், வெளியாள் யாராவது கடவுச்சொல்லை ஊகித்துப் பார்க்கும் வாய்ப்பையும் கவனிக்கத் தவறுகிறார்.

இனி, இந்தப் பணியில் மிக ஆபத்தான தவறு என்று நான் கருதுவது: பேசுபவர் யார் என்று உறுதிசெய்யாமல் கடவுச்சொல்லையோ இரண்டாம் நிலைச் சரிபார்ப்பையோ மாற்றிக் கொடுப்பது. 2023 செப்டம்பரில் சூதாட்ட விடுதிகளை நடத்தும் அமெரிக்காவின் எம்.ஜி.எம். ரிசார்ட்ஸ் நிறுவனத்தின் மீது நடந்த இணையத் தாக்குதலால் அதன் விடுதிகளில் கணினி அமைப்புகள் பல நாட்கள் முடங்கின. நிதிப் பாதிப்பு ஏறத்தாழ 10 கோடி டாலர் என்று அந்நிறுவனமே தெரிவித்தது. ஊழியர்களைப்போல் நடித்து ஹெல்ப் டெஸ்க்கை ஏமாற்றுவது இத்தகைய தாக்குதல் குழுக்களுக்குக் கைவந்த கலை. சென்னையிலோ கோவையிலோ இரவு ஷிஃப்டில் அமர்ந்து, நேரில் ஒருபோதும் பார்த்திராத வெளிநாட்டுப் பயனர்களுக்குச் சேவை செய்பவர்கள் இதைக் கூடுதலாக மனத்தில் கொள்ள வேண்டும். ஊழியர் எண், மேலாளர் பெயர், பிறந்த தேதி போன்றவை அடையாளச் சான்றாகா; அவற்றை வெளியிலிருந்து திரட்டிவிட முடியும். நிறுவனப் பதிவில் ஏற்கெனவே உள்ள எண்ணுக்குத் திருப்பி அழைப்பது, மேலாளரிடம் தனியாக உறுதிசெய்வது, தேவைப்பட்டால் வீடியோவில் அடையாள அட்டையோடு பார்ப்பது ஆகியவையே நம்பத்தக்கவை. அழைத்தவர் அப்போது சொல்லும் புதிய எண்ணுக்குத் திருப்பி அழைப்பதில் எந்தப் பாதுகாப்பும் இல்லை. "நான் யார் தெரியுமா, ஐந்து நிமிடத்தில் போர்டு மீட்டிங்" என்ற குரலுக்கு முதல் நிலைப் பொறியாளர் பணியாமல் இருக்க வேண்டுமானால், விதியைக் கடைப்பிடித்ததற்காக அவர் கண்டிக்கப்பட மாட்டார் என்ற உறுதியை மேலாளர்கள் முன்கூட்டியே தந்திருக்க வேண்டும். அந்த உறுதியைத் தராமல் பொறியாளரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. 2020 ஜூலை 15 அன்று ட்விட்டரில் ஒபாமா, பைடன், ஈலான் மஸ்க் உள்ளிட்டோரின் கணக்குகளைக் கைப்பற்றியவர்கள், நிறுவனத்தின் ஐடி ஹெல்ப் டெஸ்க்கிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஊழியர்களை அழைத்து, வி.பி.என். பழுதைச் சரிசெய்வதாக நம்பவைத்துத்தான் உள்ளே நுழைந்தார்கள். ஆகவே "உங்கள் பாஸ்வேர்டைச் சொல்லுங்கள் மேடம், நானே போட்டுப் பார்த்துவிடுகிறேன்" என்று நாம் ஒருமுறை கேட்டால்கூட, சப்போர்ட்டில் இருப்பவர்கள் அப்படித்தான் கேட்பார்கள் என்று அவருக்குக் கற்றுக்கொடுத்துவிடுகிறோம். நாளை வேறொருவர் கேட்கும்போதும் அவர் சொல்லிவிடுவார்.

எந்தக் கணினியில் இருக்கிறோம் என்று பார்க்காமல் கட்டளையைத் தட்டுவதற்கு, 2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமித்துப் பகிரும் சேவையை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததைவிடத் தெளிவான பாடம் கிடையாது. இரவில் நீண்ட நேரம் டேட்டாபேஸ் பழுதோடு போராடிக்கொண்டிருந்த ஒரு பொறியாளர், இரண்டாம் நிலை சர்வரில் உள்ள கோப்புறையை அழிப்பதாக நினைத்து, முதன்மை சர்வரில் அழித்துவிட்டார். ஓரிரு நொடிகளில் உணர்ந்து நிறுத்தினாலும், ஏறத்தாழ 300 ஜிபி தரவில் மிஞ்சியது 4.5 ஜிபி. பேக்கப்பைத் தேடியபோதுதான் அடுத்த அதிர்ச்சி. அன்றாடம் பேக்கப் எடுக்க வேண்டிய நிரலின் பதிப்பும் டேட்டாபேஸின் பதிப்பும் பொருந்தாததால், அது அமைதியாகத் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும், போலி அனுப்புநரைத் தடுக்கும் டி.மார்க் சரிபார்ப்பில் நிராகரிக்கப்பட்டதால் யாருக்கும் வந்து சேரவில்லை. வேறொரு தேவைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன்பு கையால் எடுக்கப்பட்டிருந்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் (அந்த நேரத் தரவின் நகல்) காப்பாற்றியது. இடைப்பட்ட ஆறு மணி நேரத் தரவு திரும்பவே இல்லை.

அன்றாட வேலைக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை எளிமையானவை. கட்டளை தட்டும் ப்ராம்ப்டில் சர்வரின் பெயர் தெளிவாகத் தெரியும்படியும், பயனர்கள் உண்மையில் பயன்படுத்தும் ப்ரொடக்‌ஷன் என்றால் பின்னணி நிறமே வேறாக இருக்கும்படியும் அமைத்துக்கொள்ளலாம். அழிக்க வேண்டிய கோப்புறையை முதலில் பெயர் மாற்றி வைத்துவிட்டு, ஒரு வாரம் கழித்து அழிக்கலாம். தூக்கக் கலக்கத்தில் எந்த அழிப்புக் கட்டளையையும் தனியாக ஓட்டாமல், சக ஊழியர் ஒருவரைத் திரையைப் பார்க்கச் சொல்லலாம். பேக்கப் எடுக்கப்பட்டதாகப் பச்சை விளக்கு எரிவதை நம்பாமல், குறிப்பிட்ட இடைவெளியில் ஒரு கோப்பையாவது மீட்டெடுத்துத் திறந்து பார்க்க வேண்டும். கிட்லேப் இன்னொன்றையும் செய்தது. நடந்ததையெல்லாம் பொதுவில் வெளியிட்டு, மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகவே காட்டி, தன் அறிக்கையில் அந்தப் பொறியாளரின் பெயரைக் குறிப்பிடாமல் விட்டது. தவறு செய்தவர் உடனே வாய் திறக்கும் அணியில்தான் சேதம் குறைவாக இருக்கும். மறைத்துவிட்டு ஒரு மணி நேரம் தனியாகப் போராடினால், மீட்டிருக்கக்கூடியதும் போய்விடும்.

மீட்புக்கான சாவியை, முடங்கக்கூடிய அமைப்புக்குள்ளேயே பூட்டி வைப்பதும் பரவலான தவறு. 2024 ஜூலை 19 அன்று பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான க்ரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய பிழையான அப்டேட், 78 நிமிடங்களில் திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் பாதிக்கப்பட்டிருந்ததாக மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. தீர்வு எளிதுதான்: சேஃப் மோடில் ஏறி ஒரு கோப்பை நீக்க வேண்டும். ஆனால் வட்டை மறையாக்கிப் பூட்டும் பிட்லாக்கர் இருக்கும் கணினிகளில் 48 இலக்க மீட்புச் சாவி இல்லாமல் அந்த இடத்துக்கே போக முடியாது. சாவிகளை வைத்திருந்த சர்வரும் சேர்ந்து முடங்கிய இடங்களில் ஊழியர்கள் பட்ட பாடு சொல்லி மாளாது. அவசரக்கால நிர்வாகக் கணக்குகளும் மீட்புச் சாவிகளும் தனியான, பாதுகாப்பான வேறோர் இடத்திலும் இருக்கின்றனவா என்பதை இன்றே சரிபார்ப்பது நல்லது.

ஒரு மென்பொருளை நிறுவுவதற்காக "இப்போதைக்கு" என்று பயனருக்குக் கொடுத்த அட்மின் உரிமையைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. முடியும் தேதி போடாமல் கொடுத்தால் அது நிரந்தரம்தான்.

சக ஊழியர்களிடம் உதவி கேட்கும் முறையிலும் அவசரம் புகுந்துவிடுகிறது. "அண்ணா, அவுட்லுக் ஓப்பன் ஆகவில்லை, என்ன செய்ய?" என்று குழுவில் போட்டால், ஆளுக்கொரு கட்டளையை அனுப்புவார்கள், அவற்றில் ஏதோ ஒன்றைப் புரியாமல் ஓட்டுவது புதிய பழுதுக்கு வழி. எந்தப் பதிப்பு, முழுப் பிழைச் செய்தி என்ன, ஒருவருக்கா பலருக்கா, இதுவரை செய்து பார்த்தவை எவை, அவற்றின் விளைவு என்ன என்று எழுதிக் கேட்டால், மூத்தவர் ஒரே பதிலில் வழி காட்டிவிடுவார். எழுதும்போதே விடை பிடிபட்டுவிடுவதும் அடிக்கடி நடக்கும். மூத்தவர்களுக்கும் கடமை உண்டு: கட்டளையை மட்டும் வீசிவிட்டுப் போகாமல், அது எதை மாற்றும், எப்படித் திருப்புவது என்று ஒரு வரி சேர்த்துச் சொல்ல வேண்டும்.

டிக்கெட்டில் "சரி செய்யப்பட்டது" என்று மட்டும் எழுதி மூடுவது அடுத்த ஷிஃப்டில் வருபவருக்குச் செய்யும் அநியாயம். அச்சு வேலைகளை வரிசைப்படுத்தும் ஸ்பூலர் பழுதானால், "ப்ரின்ட் ஸ்பூலர் சர்வீஸ் நின்றிருந்தது, சிக்கிய கோப்பை நீக்கி மீண்டும் இயக்கினேன், சோதனைப் பக்கம் வந்தது, மறுபடி நின்றால் டிரைவரைச் சந்தேகிக்கவும்" என்று நான்கு துண்டாக எழுதினால் போதும். அந்தச் சோதனைப் பக்கத்தையும் நம் அட்மின் கணக்கிலிருந்து எடுக்காமல் பயனரின் கணக்கிலிருந்தே, அவர் வழக்கமாகப் பயன்படுத்தும் மென்பொருளிலிருந்தே எடுக்கச் சொல்ல வேண்டும். நமக்கு உள்ள அனுமதி அவருக்கு இல்லாததால், நம் திரையில் ஓடுவது அவர் திரையில் ஓடாமல் போவது உண்டு. அவர் வாயால் "வந்துவிட்டது" என்று சொன்ன பிறகே டிக்கெட்டை மூடலாம்.