ஓகேயு கார்டு வந்தாச்சு, பணம் ஏன் வரவில்லை? அப்பாவுக்காக நான் அலைந்த வழி

அப்பாவுக்கு இனிப்பு நீர். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருசம் செம்பனைக் குலை வெட்டியவர். கால் விரலில் செம்பனை முள் குத்தியதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. போன வருசம் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வயது 54.

ஓகேயு கார்டு, அதாவது மலேசியாவில் மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் அட்டை, எடுத்துக் கொடுத்தேன். அதன் பிறகு ஐந்து மாதம், மாதக் கடைசியானால் பேங்க் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போவார். ஒரு காசும் ஏறவில்லை. கார்டு வேறு, உதவித்தொகை வேறு, இரண்டுக்கும் தனித்தனி மனு என்பதே எனக்குத் தெரியாது. தோட்டத்தில் பாதிப் பேருக்கு இன்னமும் தெரியாது. அதனால்தான் இந்தப் பதிவு.

படி 1: பாரம்

சமூக நல இலாகாவின் மாவட்ட அலுவலகத்தில் ஓகேயு பதிவுப் பாரம் கிடைக்கும். இணையத்தில் ‘ஸ்மோக்கு’ என்ற அவர்களுடைய முறை வழியாகவும் மனுச் செய்யலாம். என்னைக் கேட்டால் முதல் தடவை கவுண்டருக்கே போங்கள். போனில் படம் பிடித்து ஏற்றி, மங்கலாக இருக்கிறது என்று திரும்பி வந்து, மறுபடி ஏற்றுவதற்குள் மாவட்ட அலுவலகம் இருக்கும் கோல கங்சாருக்கு இரண்டு தடவை போய் வந்துவிடலாம்.

ஐ.சி. (அடையாள அட்டை) நகல், பாஸ்போர்ட் அளவுப் படம், டாக்டரின் உறுதிச் சான்று மூன்றும் வேண்டும். ஐ.சி.யை ஐந்து போட்டோஸ்டேட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் ஃபைலில் போடுங்கள். அந்தத் தடித்த அட்டை ஃபைல் வேண்டவே வேண்டாம், கவுண்டரில் நிற்கும்போது எந்தத் தாள் எங்கே என்று தெரியாது.

படி 2: டாக்டர்

அரசு மருத்துவமனையிலோ கிளினிக்கிலோ டாக்டர் தன் பகுதியை நிரப்ப வேண்டும். அவசரத்தில் நான் கையெழுத்தை மட்டும் பார்த்தேன், முத்திரையைப் பார்க்கவில்லை. ஒரு நாள் சம்பளம் போயிற்று. அங்கேயே நின்று, கையெழுத்து, பேர், முத்திரை, தேதி நான்கையும் பார்த்துவிட்டு நகருங்கள்.

மொத்தம் ஏழு வகை: செவி, பார்வை, பேச்சு, உடல், கற்றல், மனநலம், ஒன்றுக்கு மேற்பட்டவை. அப்பா உடல் வகை.

இந்தப் படியில் எங்கள் வீட்டில் நடந்த சண்டையையும் சொல்லிவிடுகிறேன். “எனக்கு எதுக்கும்மா அந்தக் கார்டு? கை நல்லாத்தானே இருக்கு” என்றார் அப்பா. பதிவு கட்டாயமில்லை, அவரவர் விருப்பம்தான். அம்மாதான், “முப்பது வருசம் உழைச்ச ஆளு, கேக்கிறதுல என்னங்க வெக்கம்?” என்று ஒரே வார்த்தையில் முடித்தார்.

படி 3: கார்டு

பாரத்தைக் கொடுத்தோம், கார்டு வந்தது. சொல்ல ஒன்றுமில்லை.

படி 4: உதவித்தொகை (நான் விழுந்த குழி)

அதே அலுவலகம்தான், ஆனால் வேறு பாரம். கவுண்டரில் “உதவி வேண்டும்” என்று பொதுவாகச் சொல்லாதீர்கள், எந்த உதவி என்று கேளுங்கள். வேலை செய்ய முடியாத ஓகேயுவுக்கு ஒன்று. 2021 வரவு செலவுத் திட்டத்தில் அது மாதம் 250 வெள்ளியிலிருந்து 300 ஆனது. குறைந்த சம்பளத்தில் வேலைக்குப் போகும் ஓகேயுவுக்கு வேறொன்று, 400 என்பது 450 ஆனது. படுத்த படுக்கையானவரைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு இன்னொன்று, 350 என்பது 500 ஆனது. கார்டு இருந்தாலே கிடைத்துவிடாது, குடும்ப வருமானம் பார்ப்பார்கள்.

வீட்டில் இருக்கும் எல்லாருடைய வருமானத்தையும் எழுதுங்கள். அம்மா காலையில் விற்கும் நாசி லெமாக்கையும் எழுதினேன். மறைத்து என்ன பயன்? அதிகாரி வீட்டுக்கு வந்து விசாரிப்பார், அடுப்படியில் அத்தனை பெரிய சட்டி எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வது?

குழி அந்த வீட்டு விசாரணையில்தான் இருந்தது. தோட்டத்தை விட்டுத் தாமான் வீட்டுக்கு வந்து மூன்று வருசமாகிறது. அப்பாவின் ஐ.சி.யிலோ இன்னும் பழைய லயத்து முகவரி. நானும் ஐ.சி.யைப் பார்த்து அதையே பாரத்தில் எழுதிவிட்டேன். அதிகாரி லயத்துக்குப் போயிருக்கிறார், அங்கே இப்போது வேறு ஆட்கள். பின்னால் அனுப்பிய கடிதமும் அங்கேதான் போயிருக்கிறது. ஆடித் திருவிழாவுக்குப் போனபோது, “இது உங்க அப்பா பேருக்கு வந்தது, தங்கச்சி” என்று கோயில் பூசாரி அண்ணன் எடுத்துக் கொடுத்தார். மஞ்சள் கறையோடு, இரண்டு மாதப் பழசு.

ஆகவே எதையும் தொடங்கும் முன் தேசியப் பதிவு இலாகாவில் ஐ.சி. முகவரியை மாற்றுங்கள். பாரத்தில் இப்போது குடியிருக்கும் முகவரியை எழுதி, எப்போதும் எடுக்கிற ஒரு போன் எண்ணைக் கொடுங்கள். அப்பாவின் எண்ணைக் கொடுத்தது என் அடுத்த முட்டாள்தனம், அவர் தெரியாத எண்ணை எடுக்கவே மாட்டார்.

படி 5: பெர்கேசோ

சம்பளத்தில் பெர்கேசோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) சந்தா பிடித்தவர்களா? அங்கேயும் போய்க் கேளுங்கள். வேலை செய்யும் ஆற்றலை இழந்தவருக்கு அங்கே ஓய்வூதியம் உண்டு, அது நல இலாகாவைச் சேர்ந்ததல்ல. பழைய சம்பளச் சீட்டை வீசிவிடாதீர்கள்.

இதையெல்லாம் உதவி, உதவி என்கிறோமே, 2008-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டம் (685-ஆம் சட்டம்) உரிமை என்றுதான் பேசுகிறது: பொது இடங்களுக்குள் போக, பேருந்து ரயில் ஏற, படிக்க, வேலை செய்ய. ஆனால் மீறினால் இன்ன தண்டனை என்று அதில் எழுதவில்லை. 41-ஆம் பிரிவோ அரசாங்கத்தின் மீது வழக்குப் போடவும் வழியை அடைக்கிறது. அப்பா பணம் எடுக்கப் போகும் இடத்தில் வாசலில் நான்கு படி. கைப்பிடி கிடையாது. யாரிடம் போய்ச் சொல்ல?

பின்சேர்க்கை 1: பக்கவாதம் வந்தவருக்கு உடனே கார்டு எடுக்கலாமா என்று ஒரு அக்கா கேட்டிருந்தார். கால் எடுத்தவர் மாதிரி இல்லை அது. சிகிச்சையும் பயிற்சியும் நடந்து, நிலைமை எப்படி என்று தெரிந்த பிறகுதான் டாக்டர் எழுதுவார், பொதுவாக ஆறு மாதமாகும். அதற்குள் ஐ.சி. முகவரி மாற்றும் வேலையை முடித்து வையுங்கள்.

பின்சேர்க்கை 2: பிள்ளைகளுக்காகக் கேட்டவர்களுக்கு: பக்கத்தில் பி.டி.கே. (சமூகம் சார்ந்த மறுவாழ்வு) மையம் இருக்கிறதா என்று அதே கவுண்டரில் விசாரியுங்கள். 1984-இல் திரெங்கானு பத்து ராக்கிட்டில் தொடங்கிய திட்டம், இப்போது நாடெங்கும் உண்டு. அங்கே பதிந்த பிள்ளைகளுக்கு மாத அலவன்ஸ் தனி. அதற்கும் தனிப் பாரம்தான்.