மழையில் மட்டும் நின்றுபோகும் கார்: ஈரம் காய்வதற்குள் கோளாறைப் பிடிப்பது எப்படி?

மழை பெய்தால் மட்டும் நின்றுபோகும் வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் நேரத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். வண்டியும் நன்றாக ஓடும். "எல்லாம் சரியாத்தானே இருக்கு" என்பார்கள், அல்லது ஊகத்தில் எதையாவது மாற்றிக் கொடுப்பார்கள். என்னுடைய பழைய பெட்ரோல் காருக்குப் பெட்ரோல் பம்பை மாற்றினார்கள். அடுத்த மழையிலும் அது நின்றது. கடைசியில் கோளாறு கிடைத்த இடம், ஸ்பார்க் பிளக்குக்குக் கரண்ட் தரும் இக்னிஷன் காயில் ஒன்றின் ரப்பர் உறையில் இருந்த மயிரிழைக் கீறல்.

அன்று நான் கற்றுக்கொண்டது இதுதான்: மழைத்தண்ணீர் புதிதாகக் கோளாறை உண்டாக்குவது குறைவு. ஏற்கெனவே இருக்கும் பலவீனத்தைத்தான் அது காட்டிக்கொடுக்கிறது. காய்ந்ததும் அந்தத் தடயம் மறைந்துவிடும். அதனால் துடைத்துக் காயவைத்துவிட்டுத் தேடாதீர்கள். ஈரமாக இருக்கும்போதே தேடுங்கள், ஈரம் இல்லையென்றால் நீங்களே உண்டாக்குங்கள்.

ஏன் ஈரத்தில் நிற்கிறது?

பேட்டரி தருவது 12 வோல்ட். அதை வைத்து இக்னிஷன் காயில் பல்லாயிரம் வோல்ட்டை உண்டாக்குகிறது. தேவைப்பட்டால் 30,000 வோல்ட்டுக்கு மேலும் போகும். அவ்வளவு அழுத்தம் இருந்தால்தான் ஸ்பார்க் பிளக்கின் முனையில் இருக்கும் சிறு இடைவெளியைத் தாண்டித் தீப்பொறி விழும். ரப்பரிலோ பிளாஸ்டிக்கிலோ கீறல் இருந்து, அதன்மேல் அழுக்கும் ஈரமும் படிந்தால், கரண்டுக்கு அதைவிடச் சுலபமான வழி கிடைத்துவிடுகிறது. பிளக் முனைக்குப் போகாமல் இன்ஜின் இரும்பில் இறங்கி எர்த் ஆகிவிடும். அந்த சிலிண்டர் எரியாது, வண்டி மிஸ் ஆகும், இரண்டு மூன்று சிலிண்டர் சேர்ந்து விட்டுப்போனால் நின்றேவிடும்.

டீசல் வண்டியில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. டீசல்காரர்கள் படி 1, 2, 3 பார்த்துவிட்டு நேராகப் படி 6க்குப் போகலாம். டீசல் ஃபில்டரில் தண்ணீர் சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

படி 1: தேங்கிய தண்ணீருக்குள் போனீர்களா?

ஆழமான தண்ணீரில் போகும்போது வண்டி நின்றிருந்தால் மறுபடி செல்ஃப் அடிக்கவே கூடாது. ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருக்கலாம். காற்றை அமுக்குவதுபோலத் தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலே வந்து தண்ணீரில் முட்டினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். உள்ளே நனைந்திருந்தால் வண்டியை இழுத்துக்கொண்டு போய், பிளக்குகளை (டீசலில் குளோ பிளக் அல்லது இன்ஜெக்டர்களை) கழற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் இன்ஜினைச் சுற்றிப்பார்க்க வேண்டும். இந்த வேலையைத் தெரிந்தவர் கையில் விடுங்கள்.

படி 2: எப்படி நின்றது?

இதற்குக் கருவி எதுவும் வேண்டாம், கவனம் போதும். குலுங்கி, இழுவை குறைந்து, திணறித் திணறி நின்றதென்றால் தீப்பொறி தவறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காயில், பிளக் வயர் பக்கம் தேட வேண்டும். சாவியைத் திருப்பி அணைத்ததுபோலப் பட்டென்று நின்றதென்றால் சென்சார், ரிலே, கனெக்டர் பக்கம் சந்தேகப்படுங்கள்.

இன்னொரு குறிப்பு உண்டு. வண்டி கியரில் உருண்டுகொண்டிருக்கும்போதே, அதாவது இன்ஜின் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும்போதே, ஆர்பிஎம் முள் சட்டென்று பூஜ்யத்தில் விழுந்தால், இன்ஜின் சுற்றுவதை வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரின் சிக்னல் அறுபடுகிறது என்று சந்தேகிக்கலாம்.

நேரத்தையும் எழுதி வையுங்கள். மழையில் ஓட்டும்போதா, ஒரு பள்ளத்துத் தண்ணீர் அடித்த உடனேயா, இரவெல்லாம் மழையில் நின்ற பிறகு காலையிலா? பழைய கார்புரேட்டர் வண்டியாக இருந்தால் ஒரு விதிவிலக்கு: குளிரும் ஈரப்பதமும் சேர்ந்த நாளில் கார்புரேட்டர் தொண்டையில் பனிக்கட்டி பிடித்து வண்டி நிற்கும், சில நிமிடம் நிறுத்தி வைத்தால் அது தானாக உருகி, வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆகும். அங்கே வயரைக் குறை சொல்லிப் பயனில்லை.

படி 3: ஸ்கேனர்

வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்து வைத்திருக்கும் கோளாறு எண்களைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் கிடைத்தால் மாட்டிப் படியுங்கள். பி0300 என்றால் பல சிலிண்டர்களில் மிஸ் ஆகிறது. பி0301, பி0302 என்று வந்தால் கடைசி எண்தான் சிலிண்டர் எண். பி0335 கிராங்க் சென்சாரைக் குறிக்கும். படித்ததைக் குறித்துக்கொள்வதற்கு முன் அழித்துவிடாதீர்கள்.

ஓட்டும்போது இன்ஜின் லைட் விட்டு விட்டு மின்னினால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து ஓரம் கட்டுங்கள். எரியாத பெட்ரோல் சைலன்ஸர் பாதையில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதைச் சூடாக்கிக் கெடுத்துவிடும்.

படி 4: மழையை நீங்களே பெய்ய வையுங்கள்

முழுச் செய்முறையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. துணிக்குத் தண்ணீர் தெளிக்கும் ஸ்ப்ரே பாட்டில் ஒன்று போதும். இருட்டிய பிறகு, திறந்த வெளியில் வண்டியை நிறுத்துங்கள். மூடிய ஷெட்டில் வேண்டாம், புகையில் இருக்கும் கார்பன் மோனாக்ஸைடு ஆளையே கொல்லும். நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, இன்ஜினை ஓடவிட்டு பானட்டைத் திறவுங்கள். காயிலின் மேல் மூடி இருந்தால் முன்பே கழற்றி வைத்துவிடுங்கள். தொங்கும் துணி, துப்பட்டா, மணிக்கட்டுச் சங்கிலி எதுவும் பெல்ட், ஃபேன் பக்கம் போகக் கூடாது. ஓடும் இன்ஜினில் காயிலையோ வயரையோ கையால் தொடாதீர்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர் இந்தச் சோதனையைச் செய்யவே வேண்டாம்.

பனிபோல மெலிதாகத் தெளிக்க வேண்டும், ஊற்றக் கூடாது. ஒரே நேரத்தில் எல்லா இடத்தையும் நனைத்தால் எது காரணம் என்று தெரியாது. முதல் காயில், பத்து விநாடி காத்திருங்கள். அடுத்த காயில், மறுபடி காத்திருங்கள். பிளக் வயர் இருந்தால் ஒவ்வொரு வயராக, ஒவ்வொரு பிளக்குக்கும் கரண்டைப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டர் இருந்தால் கடைசியில் அதன் மூடி. சூடான சைலன்ஸர் குழாய், ஆல்டர்னேட்டர் பக்கம் தெளிக்காதீர்கள்.

என் வண்டியில் முதல் இரண்டு காயிலுக்கும் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவதில் தெளித்து இரண்டு விநாடிகூட ஆகவில்லை, டிக் டிக் என்று சன்னமான சத்தம். உறையின் கழுத்திலிருந்து பக்கத்து இரும்புக்கு நூல்போல ஒரு நீலப் பொறி தாவியது. அதே தாளத்தில் இன்ஜின் உதறியது. மாதக்கணக்கில் தேடியதை அந்த இடத்தில் கண்ணால் பார்த்தேன்.

படி 5: கழற்றிப் பாருங்கள்

சந்தேகப்பட்ட காயிலை, இன்ஜினை அணைத்து ஆறவிட்ட பிறகு உருவுங்கள். ரப்பர் உறையை மெல்ல வளைத்துப் பார்த்தால் கீறல் வாய் திறக்கும். பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் பென்சிலால் கோடு போட்டதுபோலக் கறுப்பாக ஒரு தடம் இருந்தால், கரண்ட் அந்த வழியாகத்தான் ஓடியிருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உட்பக்கத்திலும் இதே கோட்டைத் தேடுங்கள். பிளக் உட்கார்ந்திருக்கும் குழிக்குள் தண்ணீரோ ஆயிலோ தேங்கியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

உறுதி செய்ய ஒரு நல்ல வழி: மூன்றாவது காயிலை முதல் சிலிண்டருக்கும், முதலாவதை மூன்றாவதற்கும் மாற்றி மாட்டுங்கள். ஸ்கேனரில் பி0303 போய் பி0301 வந்தால் காயில்தான் குற்றவாளி.

உறையை மட்டும் மாற்றிவிட்டுப் பிளக்கை விட்டுவிடாதீர்கள். பிளக் முனை தேயத் தேய இடைவெளி கூடும். இடைவெளி கூடினால் தாண்ட அதிக வோல்ட் வேண்டும். வோல்ட் ஏற ஏற, கரண்ட் வேறு வழி தேடும். தேய்ந்த பிளக்தான் பல காயில்களைச் சாகடிக்கிறது.

படி 6: கனெக்டர்கள்

தீப்பொறிப் பக்கம் சுத்தமாக இருந்தால் கிராங்க் சென்சார், கேம் சென்சார், ஃபியூஸ் பெட்டி ஆகியவற்றின் கனெக்டர்களைப் பிரித்துப் பாருங்கள். பச்சைப் பூச்சு தெரிந்தால் செம்பு அரித்திருக்கிறது. ரப்பர் சீல் நழுவியிருக்கிறதா என்றும் பாருங்கள். இன்ஜின் ஓடும்போது இந்த சென்சார் வயர்களை மட்டும் (காயில், பிளக் வயரை அல்ல) லேசாக ஆட்டி, சத்தம் மாறுகிறதா என்று கேளுங்கள்.

படி 7: தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

முன் கண்ணாடிக்கு அடியில், வைப்பர் பொருத்தியிருக்கும் பள்ளத்தில் வடிகால் துளைகள் இருக்கும். சருகு அடைத்துக்கொண்டால் தண்ணீர் வழிந்து நேராக இன்ஜின்மேல் சொட்டும். இதைச் சுத்தம் செய்யப் பத்து நிமிடம் போதும், ஆனால் யாரும் பார்ப்பதில்லை.

மாட்டும்போது

கீறிய உறைக்கு டேப் சுற்றுவது அன்றைக்கு வீடு சேர மட்டுமே உதவும். புதியதை மாட்டுங்கள். உறையின் உள்விளிம்பில் டைஎலெக்ட்ரிக் கிரீஸ் மெலிதாகத் தடவினால் ஈரம் ஏறாது. அது கரண்டைக் கடத்தாத கிரீஸ், அதனால் உலோக முனைகளில் அப்ப வேண்டாம். பிளக் குழியில் இருக்கும் தண்ணீரை, பிளக்கைக் கழற்றுவதற்கு முன்பே காற்றடித்து வெளியேற்றுங்கள். இல்லாவிட்டால் அது சிலிண்டருக்குள் இறங்கும்.

அப்புறம், அதே ஸ்ப்ரே பாட்டிலை மறுபடி எடுங்கள். நானும் புது உறை, புது பிளக் மாட்டிய இரவு, மூன்றாவது காயில்மேல் முன்பைவிட இரண்டு மடங்கு தெளித்துவிட்டு நின்று கேட்டேன். டிக் சத்தம் இல்லை, பொறி இல்லை, இன்ஜின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. பானட்டை மூடினேன்.