அஸ்தி கரைக்கும் முன் கவனிக்க வேண்டியவை

அஸ்தி என்ற சொல்லுக்கே எலும்பு என்றுதான் பொருள். ஆகவே தகனத்திற்குப் பிறகு நடக்கும் சஞ்சயனத்தில் உண்மையில் சேகரிக்கப்படுவது சாம்பல் முழுவதும் அன்று, எரிந்து எஞ்சிய எலும்புத் துண்டுகளே. விறகில் எரியூட்டியிருந்தால் மறுநாள் காலை பால் தெளித்துச் சூட்டைத் தணித்து, பெரும்பாலும் காலிலிருந்து தொடங்கித் தலை வரை வரிசையாக எடுத்து மண் கலயத்தில் சேர்ப்பார்கள். எரிவாயு மயானத்திலோ சில மணி நேரத்திலேயே அஸ்தி கிடைத்துவிடும் என்பதால், அதை வாங்க யார் வருவார் என்பதை ஊழியரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்து, வாங்கும்போது பெயரையும் சரிபார்க்க வேண்டும். துக்கத்தில் இருப்பவர்கள் தவறவிடுவது பெரும்பாலும் இதைத்தான்.

வளர்ந்த ஒருவரின் உடல் எரிந்தபின் மிஞ்சுவது ஏறத்தாழ 2 முதல் 3 கிலோ. சிறு கலயம் அதற்குப் போதாது. வாயைத் துணியால் கட்டி, வீட்டுக்குள் வைக்காமல் வெளியே மரத்தில் கட்டிவைப்பது பல குடும்பங்களின் வழக்கம்.

எங்கே கரைப்பது என்பதை அவசரப்பட்டு முடிவு செய்ய வேண்டாம். வெளியூரிலிருக்கும் மகளோ தம்பியோ வந்துசேர நாளாகும் என்றால், காத்திருப்பதால் எலும்புக்கு ஒன்றும் நேர்ந்துவிடாது. அவர்கள் இல்லாமல் கரைத்துவிட்ட மனத்தாங்கலோ ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். ராமேசுவரம் அக்னி தீர்த்தம், பவானி கூடுதுறை, ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் ஆகியவை பலரும் நாடும் இடங்கள். காவிரிக்குச் செல்வதானால் நீரோட்டம் உள்ளதா என்று விசாரித்துக்கொள்வது நல்லது. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12-க்கு முந்தைய கோடையில் படித்துறையில் மணலைத்தான் பார்க்க நேரிடும். கலயம் சுடாத மண்ணாக இருந்தால் நீரில் தானாகக் கரையும். பிளாஸ்டிக் பையையும் இறந்தவரின் துணிகளையும் ஆற்றில் விடக் கூடாது.

அஸ்தியைப் பகிர்ந்துகொள்வது குறையாகாது. 1948-இல் காந்தியின் அஸ்தி பல இடங்களில் கரைக்கப்பட்டது. கன்னியாகுமரியில் அந்தக் கலசம் வைக்கப்பட்டிருந்த இடத்தில்தான் இன்று காந்தி மண்டபம் நிற்கிறது.

வெளிநாட்டிலிருந்து விமானத்தில் கொண்டுவருபவர்கள் இறப்புச் சான்றிதழையும் தகனச் சான்றையும் கைப்பையிலேயே வைத்திருக்க வேண்டும். உலோகக் கலசத்தை எக்ஸ்ரே ஊடுருவாது என்பதால் மரப் பெட்டி ஏற்றது. விமான நிறுவனத்தின் விதிகளைப் பயணச்சீட்டு எடுக்கும் முன்பே கேட்டறியலாம்.

நினைவாக மரம் நட விரும்புவோர் சாம்பலை வேரடியில் அப்படியே கொட்டிவிடுகிறார்கள். சாம்பலில் காரமும் உப்பும் மிகுதி என்பதால் கன்று கருகிவிடும். ஒரு கைப்பிடி மட்டும் எடுத்து, நிறைய மண்ணும் மட்கிய எருவும் கலந்து, வேரிலிருந்து சற்றுத் தள்ளி இடுவதே சரி.

ஆண்டுதோறும் திதி கொடுக்கும் எண்ணம் இருந்தால், இறந்த நாளுடன் நேரத்தையும் உடனே ஒரு தாளில் எழுதிவைக்க வேண்டும். ஒரே நாளில் திதி மாறுவதுண்டு, ஆங்கிலத் தேதியை மட்டும் நினைவில் வைத்திருந்தால் போதாது. அந்தத் திதியையும் தமிழ் மாதம், பிறை ஆகியவற்றையும் பஞ்சாங்கத்தில் பார்த்து அதே தாளில் குறித்து, உடன்பிறந்தோர் ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி தந்துவிடலாம்.